கேழ்வரகு கை மூடிய கதை

அந்தக் காலத்தில் தானியங்களுக்கும் வாய் இருந்தது. நெல் கொஞ்சம் பெருமை பேசும். சோளம் காற்றடித்தால் போதும், சத்தமாகச் சிரிக்கும். எள் எதற்கெடுத்தாலும் சிணுங்கும். களை எடுக்கப் போகிறவர்கள் பேச்சுத்துணைக்கு ஆள் தேட வேண்டியதில்லை, அவை வாயை மூடிக்கொண்டு தங்களை வேலை செய்ய விட்டால் போதும் என்றுதான் இருக்கும்.

கேழ்வரகு அப்போது இப்படிக் கடுகு அளவில் இல்லை. ஒவ்வொரு மணியும் மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். பச்சையாகக் கடித்தால் பால் வடியும். இளநீர் வழுக்கை போல இனிக்கும். கதிர் விரித்த கை போல நிற்கும், விரலுக்கு நாலைந்து மணி. வழியில் போகிற குழந்தை கையை நீட்டினால் கதிரும் வளைந்து கையை நீட்டும். அத்தனை தாராளம்.

குழந்தைகளுக்குப் பிடித்தது வண்டுக்கும் பிடித்திருந்தது. தானியத்தில் விழுகிற மூக்கு வண்டு இருக்கிறதே, அது மணியில் துளை போட்டு உள்ளே ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போகும். பிள்ளை உள்ளேயே பிறந்து, உள்ளேயே தின்று வளர்ந்து, சிறகு முளைத்ததும் வெளியே வரும். அப்புறம் அந்த மணியில் தோல்தான் மிச்சம். அரிசியும் கம்பும் வண்டுக்கு ஒண்டுக்குடித்தனம் என்றால் கேழ்வரகு மாளிகை.

இதில் சண்டை வரக்கூடாது என்று மனிதருக்கும் வண்டுக்கும் ஒரு பேச்சு இருந்தது. ‘புதுசு மனுசருக்கு, பழசு வண்டுக்கு.’ அறுவடை முடிந்து தானியத்தைக் குழியில் கொட்டி, கல்லால் மூடி, மண் பூசுகிறபோது ஒரு முறம் தானியத்தைக் குழிக்கு வெளியே வண்டுக்கென்று வைத்துவிட வேண்டும். அதற்கு வண்டுப் பங்கு என்று பேர். பங்கு வைத்த குழிக்குள் ஒரு வருஷத்துக்கு எந்த வண்டும் இறங்காது. அடுத்த அறுவடைக் காலம் வந்துவிட்டால், அறுவடை நடந்தாலும் நடக்காவிட்டாலும், குழியில் மீந்தது எல்லாம் வண்டுக்கு.

நல்ல பேச்சுதான், மழை ஒழுங்காகப் பெய்கிற வரை. அடுத்தடுத்து இரண்டு வருஷம் வானம் பொய்த்தால் கதை கந்தல். முதல் வருஷம் குழியைச் சுரண்டி ஓட்டலாம். இரண்டாவது வருஷம் குழிக்குள் கை விட்டால் தவிடும் தூசும்தான் வரும். பெரியவர்கள் கிழங்கைத் தோண்டித் தின்று எப்படியோ உயிரைப் பிடித்துக்கொள்வார்கள். குழந்தைகளால் முடியாது.

செங்கரட்டு அடிவாரத்தில் இருந்த பொம்மி அப்படித்தான் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தாள். ஒரே பஞ்சத்தில் மூத்தது முதலில் போனது, அடுத்த அமாவாசைக்குள் இளையதும் போனது. வண்டு மேல் அவளுக்குக் கோபம் இல்லை. பேச்சு பேச்சுதானே. வானத்தின் மேலும் கோபம் இல்லை. தன் மேல்தான் கோபம், பெற்றவள் கையில் ஒரு பிடி தானியம் இல்லாமல் போயிற்றே என்று.

பிறகு பல வருஷம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஊரே சந்தோஷப்பட்டது. பொம்மிக்கு மட்டும் சந்தோஷப்படப் பயமாக இருந்தது. அந்த வருஷம் மழை பாதிதான் பெய்தது. அவள் புருஷன் மாரப்பன் மாடுகளை ஓட்டிக்கொண்டு புல் தேடி மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டான். பொம்மி தனியாக அறுத்தாள், தனியாகக் கட்டை உருட்டிக் கதிர் அடித்தாள், கேழ்வரகைக் கூடை கூடையாகச் சுமந்து குழியில் கொட்டினாள். குழி முக்கால்தான் நிறைந்தது.

கடைசியாக முறத்தில் வண்டுப் பங்கு இருந்தது. அதை எடுத்து வெளியே வைக்கப் போனவளுக்குக் கை வரவில்லை. ஒரு முறம் கேழ்வரகு. கஞ்சியாகக் காய்ச்சினால் ஒரு சின்ன வயிறு எத்தனை நாள் தாங்கும்! அந்த இரண்டு முகங்களும் கண்ணில் வந்தன. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும் என்று மனசு நியாயம் பேசியது. மனசுக்கென்ன, கேட்டால் எந்தப் பக்கத்து நியாயமும் பேசும். முறத்தைக் குழிக்குள்ளேயே கவிழ்த்துவிட்டாள். ஒரு மணி கூட வெளியே சிந்தாமல் துடைத்தெடுத்து உள்ளே போட்டாள். அடிபடாத ஒரு கதிர் முறத்தின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதுவும் உள்ளே போயிற்று.

கல்லை நகர்த்திக்கொண்டிருக்கும்போது அவளுடைய ஓரகத்தி சாலம்மா வந்து சேர்ந்தாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“வயித்தப் புள்ளயோட கல்லு தூக்கறியே, என்னக் கூப்பிட்டா கொறஞ்சா போயிடுவ? பங்கு வெச்சிட்டியா?”

“வெச்சிட்டங்கா,” என்றாள் பொம்மி, மண்ணைக் குழைத்துக்கொண்டே. நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாலம்மாவும் அதை நம்பி, சுற்றிப் பார்க்காமல், சேர்ந்து மண் பூசிவிட்டுப் போனாள்.

வெளியே எடுத்து வைத்திருந்த ஒரு பானைத் தானியத்தில் பொம்மி வைகாசி வரை ஓட்டினாள். பானை காலியானதும் குழியைத் திறந்தாள். அடைந்து கிடந்த குழிக்குள் உடனே இறங்கக்கூடாது; உள்ளே இருக்கிற கெட்ட காற்று ஆளை அடித்துவிடும். அது வெளியேறட்டும் என்று தள்ளி உட்கார்ந்தாள். காற்றோடு ஒரு வாடை வந்தது. தவிட்டு வாடை, சூடாக. அந்த வாடையை அவள் முன்னாலேயே அறிந்திருந்தாள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடிவந்து கையை விட்டாள். மாவும் தோலும் விரலிடுக்கில் வழிந்தன.

குழியின் விளிம்பில் ஒரு மூக்கு வண்டு ஏறி வந்து நின்றது.

“யாரு, பொம்மியா?” என்றது. “இப்பத்தான் தொறக்கறியா?”

“என் குழியில நீ எதுக்கு எறங்கின?”

“பங்கு வெச்ச குழியா இது?” என்றது வண்டு. குரலில் குத்தல் இல்லை. “நான் வந்து சுத்திச் சுத்திப் பாத்தன். வெளிய ஒரு மணி இல்ல. சரி, பொம்மி மறந்திருப்பா, நாளைக்கு வெப்பான்னு காத்திருந்தன். எனக்கும் வயித்துல முட்டை தாங்கல. எங்க போவன் சொல்லு? கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு கீறல் இருந்திச்சி. எறங்கிட்டன்.”

ஒரு முறத்தை மிச்சம் பிடித்து ஒரு குழியைத் தொலைத்திருந்தாள் பொம்மி. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

“ஒண்ணும் மிச்சமில்லையா?” என்றாள்.

“அடியில ஒரு கதிரு கெடக்குது. அடிபடாத கதிரு. அது ஒண்ணுதான் முழுசா இருக்குது. எங்கிட்ட இன்னும் ஒரு முட்டை இருக்குது, கடைசி முட்டை. அதை அங்கதான் வெக்கலாம்னு போயிட்டிருந்தன், நீ தொறந்துட்ட.”

பொம்மி குழிக்குள் இறங்கினாள். முழங்கால் வரை மாவு. துழாவித் துழாவி அந்தக் கதிரை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். விரித்த கையும் விரலுமாக, வெள்ளை மணிகளோடு அது அப்படியே இருந்தது. அதற்குள் வண்டும் ஏறி வந்து கதிரின் காம்பில் கால் வைத்தது. பொம்மிக்குத் தலைக்கு மேல் வெறி ஏறியது. கட்டைவிரல் நகத்தை வண்டின் மேல் கொண்டுபோனாள்.

வண்டு ஓடவில்லை. “நசுக்கணும்னா நசுக்கு,” என்றது. “ஆனா வயித்தோட நசுக்கற, அத மட்டும் தெரிஞ்சிக்கோ.”

பொம்மியின் வயிற்றில் அந்த நேரம் பார்த்துப் பிள்ளை புரண்டது. விரல் அப்படியே நின்றது. அவள் குழிக்கரையில் சரிந்து உட்கார்ந்து, கதிரை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். வண்டு அவள் முந்தானை ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அழுகை ஓயும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேழ்வரகு பேசியது.

“ரெண்டு பேரும் பெத்தவங்க. ரெண்டு பேரும் எங்கிட்டயே புள்ளயக் குடுத்து வளத்துக் குடுன்னு கேக்கறீங்க. நான் ஒருத்தி, யாரச் சொமப்பன்? பொம்மி, நான் பெரிசா இருக்கறதாலதான் இந்த வம்பு. எனக்குள்ள எடம் இருக்குது, அதான் குடி வருது. என்ன ஒடச்சிடு.”

“ஒடச்சா?”

“சின்னச் சின்ன நொய்யா ஒடச்சி வெதை. ஒரு முட்டைக்குக் கூட எடம் பத்தாத அளவுக்கு ஒடை. அப்படியே மொளச்சி வந்தன்னா எனக்குள்ள யாரும் குடி வர முடியாது. எத்தன வருசம் வேணும்னாலும் குழியில கெடப்பன். உன் புள்ளைக்கு எந்தப் பஞ்சத்துலயும் நான் இருப்பன்.”

“நொய் எங்கயாவது மொளைக்குமா?” என்றாள் பொம்மி.

“தெரியாது,” என்றது கேழ்வரகு. “இதுவரைக்கும் யாரும் ஒடச்சி வெதைக்கல. முழுசா வெதச்சா நிச்சயம் மொளைப்பன். ஆனா அடுத்த வருசமும் இதே குழி, இதே வண்டு, இதே அழுகதான். இன்னொண்ணும் சொல்லிடறன். ஒடஞ்சா என் பாலும் இனிப்பும் போயிடும். கொழந்தைங்க அப்பறம் வழியில நின்னு என்னப் பறிச்சித் திங்காது. பரவால்ல.”

பரவாயில்லை என்று சொன்னதே தவிர, அதற்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. பொம்மிக்குத் தெரிந்தது.

“அப்ப என் புள்ளைங்க?” என்றது வண்டு. “என் வம்சம் எங்க போவும்?”

பொம்மி மடியில் கிடந்த கதிரைப் பார்த்தாள். ஒரு விரலில் இருந்து மணியைக் கிள்ளினாள். இருப்பதிலேயே பெரிய மணி. அதை வண்டின் முன்னால் வைத்தாள்.

“இது நான் வெக்காம விட்ட பங்கு,” என்றாள். “முறம் நெறைய வெக்க வேண்டியது. இன்னிக்கு எங்கிட்ட இருக்கறது இவ்வளவுதான். உன் கடைசிப் புள்ளய இதுல வெய். இனிமே நான் அறுக்கற சோளத்துலயும் கம்புலயும் வருசா வருசம் உனக்கு ஒரு முறம். மழ நல்லா பேஞ்சாலும் கொறைவா பேஞ்சாலும் உண்டு.”

“போன தடவையும் பேச்சு இருந்திச்சே,” என்றது வண்டு. அது சொன்னதில் தப்பில்லை.

“அப்ப சத்தியம் பண்றன்.” சத்தியம் என்றால் கையில் அடித்துச் செய்ய வேண்டும். வண்டுக்கு ஏது கை? பொம்மி சுற்றுமுற்றும் பார்த்தாள். கேழ்வரகுதான் தன் விரித்த கையை நீட்டியது. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, போன பிள்ளைகள் மேலும் வரப்போகிற பிள்ளை மேலும் பொம்மி சத்தியம் செய்தாள். அவள் கையை எடுத்ததும் கதிரின் விரல்கள் ஒவ்வொன்றாக உள்பக்கம் மடங்கின. கொடுத்த வாக்கை வாங்கி உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி மூடிக்கொண்டது.

வண்டு தனக்குக் கிடைத்த மணியைச் சுற்றி வந்தது. உடனே துளை போடவில்லை. யோசித்துக்கொண்டிருந்தது.

“நீ உரல்ல போட்டு இடிச்சின்னா ஒண்ணும் மொளைக்காது,” என்றது. “மணிக்குள்ள உசுரு ஒரு மூலையில இருக்குது. எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாங்க அதுக்குள்ளதான பொறந்து வளர்றோம். நான் மூக்கால கோடு போட்டுக் காட்டறன், அந்தக் கோட்டுல ஒடை. ஒவ்வொரு துண்டுக்கும் கொஞ்சூண்டு உசுரு வரும்.”

தன் வீட்டுக் கதவைச் சாத்துகிறவளுக்குத் தாழ்ப்பாள் எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது வண்டு. பொம்மிக்கு மறுபடி கண் கலங்கியது.

கரட்டில் செம்பாறை ஒன்று இருந்தது. அதன் மேல் மணிகளை வைத்து, வண்டு போட்ட கோட்டில் கல்லை வைத்துத் தட்டித் தட்டிப் பொம்மி உடைத்தாள். வெள்ளை மணிகள் கடுகுக் குருணையாகச் சிதறின. பாறையின் செம்மண் ஒவ்வொரு துண்டிலும் அப்பிக்கொண்டது. ஊதிப் பார்த்தாள், கழுவிப் பார்த்தாள், போகவில்லை. வலிக்கிறதா என்று கேட்டாள். கேழ்வரகு பதில் சொல்லவில்லை. அதற்கு வாய் இருந்த இடமும் உடைந்துவிட்டிருந்தது. அன்றைக்குப் பிறகு அது பேசவே இல்லை.

ஆனி கடைசியில் பொம்மிக்குப் பெண் பிறந்தது. ஆடியில் நல்ல மழை. வேப்பமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, பொம்மி கொல்லையில் நொய் விதைத்தாள். சாலம்மா வரப்பில் வந்து நின்றாள். பச்சை உடம்புக்காரிக்கு அவள்தான் கிழங்கும் கீரையும் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த உரிமையில் வாயையும் திறந்தாள்.

“ஏண்டி, நொய்யக் கஞ்சி வெப்பாங்க, இல்ல கோழிக்குப் போடுவாங்க. வெதைக்கறவள இன்னிக்குத்தான் பாக்கறன். நாளைக்கு மோர ஒற ஊத்திக் கன்னுக்குட்டி ஆக்கப்போறியா?”

“மொளைக்கலன்னா அப்பறம் சிரிக்கலாங்கா.”

“மொளைக்கலன்னா எங்க சிரிக்கறது? உன் கூட உக்காந்து அழுவணும்,” என்றாள் சாலம்மா. ஆனாலும் வரப்பை விட்டு இறங்கி வந்து, கூடவே மண்ணைத் தள்ளி மூடிக்கொடுத்தாள்.

முளைத்தது. முதலில் மயிர் போலத்தான் வந்தது. பொம்மி குனிந்து தரையில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு புல் போல நின்றது, தூர் கட்டியது, கதிர் தள்ளியது. கதிரைப் பார்க்க ஊரே வந்தது. விரித்த கை எங்கும் இல்லை. எல்லாக் கதிரும் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு நின்றன. பிரித்துப் பார்த்தால் உள்ளே கடுகு கடுகாக, செங்கல் நிறத்தில் மணிகள், எண்ண முடியாத அளவுக்கு.

சாலம்மா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். “சப்புனு இருக்குதேடி. இதத் தின்னறதுக்கா இந்தப் பாடு பட்ட?”

“வெந்தாத் தெரியும்,” என்றாள் பொம்மி.

முதல் விளைச்சல் ஒரு பானைதான். அதைத் தின்னாமல் அத்தனையும் மறுபடி விதைத்தாள். மாடுகளோடு திரும்பி வந்த மாரப்பன் இதைப் பார்த்து, தான் போயிருந்தபோது பெண்டாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று சாலம்மாவிடம் இரகசியமாக விசாரித்தான். மறு வருஷம் குழி நிறைந்தது. குழியை மூடும்போது பொம்மி ஒரு முறம் சோளத்தை வெளியே வைத்தாள். வழித்து வழித்து, கோபுரமாக வைத்தாள்.

அடுத்த அறுவடைக் காலம் வந்தது. பழசு வண்டுக்கு என்பதுதானே பேச்சு? வண்டு உரிமையோடு குழிக்குள் இறங்கியது. குருணை குருணையாக ஏறி இறங்கிப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்துத் தட்டியது. ஒரு பிள்ளைக்கு இடமுள்ள மணி ஒன்று கூட இல்லை. உள்ளே வெகுநேரம் சுற்றிவிட்டு வெளியே வந்தது.

பொம்மி சோளம் நிறைந்த முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“எப்படி இருக்குது?” என்றாள் மெல்ல.

“கெட்டியாத்தான் ஒடச்சிருக்கறோம்,” என்றது வண்டு. பிறகு முறத்தில் ஏறிக்கொண்டது.

அதற்கப்புறம்தான் பஞ்சம் வந்தது. ஒரு வருஷம் பொய்த்தது, அடுத்த வருஷமும் பொய்த்தது, அதற்கடுத்த வருஷமும் வானத்தில் ஒரு திட்டு மேகம் இல்லை. கடைசிக்கென்று மூடி வைத்த கேழ்வரகுக் குழியைப் பொம்மி இன்னும் தொடவில்லை. ஏரி வெடித்து, மரப்பட்டை உரிந்து, ஊரில் நாய் குரைக்கும் சத்தம் கூட நின்றுபோயிற்று. பொம்மியின் மகள் ஓடி விளையாடுகிற வயது. ஓடாமல் வாசலில் படுத்தே கிடந்தாள். மூத்தது போவதற்கு முன் இப்படித்தான் படுத்திருந்தது. சாலம்மா வந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் உட்கார்ந்தாள். சாலம்மா பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

“குழியத் தொறக்கலாங்கா,” என்றாள் பொம்மி.

“பழசு. என்னா இருக்கப்போவுது அதுல?”

இரண்டு பேருமாகக் கல்லைத் தள்ளினார்கள். காற்று வெளியேறட்டும் என்று காத்திருந்தார்கள். தவிட்டு வாடை வருமா வருமா என்று பொம்மி முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். வரவில்லை. வெறும் மண் வாசம்தான் வந்தது. இறங்கிக் கையை விட்டாள். கொட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே சிவப்பாக, குளிர்ச்சியாக, சலசலவென்று விரலிடுக்கில் ஓடியது கேழ்வரகு. ஒரு மணி கூடப் பொத்தல் இல்லை.

அன்றைக்கு அந்தக் கேழ்வரகில் ஊர் முழுக்க அடுப்பு எரிந்தது. பொம்மி கூழ் காய்ச்சி, ஆற்றி, மகள் வாயில் விரலால் தடவினாள். குழந்தை முதலில் முகத்தைச் சுளித்தது. பிறகு விழுங்கியது. பிறகு வாயைத் திறந்து காட்டியது. பொம்மி மறுபடி தடவினாள். சட்டி காலியாகி, குழந்தை எழுந்து உட்கார்ந்து, “இன்னும்” என்றது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள். பக்கத்தில் இருந்த சாலம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சப்புனுதான் இருக்குது, ஆனா எவ்வளவு ருசிடி,” என்றாள்.

அன்று முதல்தான் கேழ்வரகு கடுகு அளவுக்குச் சிறுத்து, செம்மண் நிறம் கொண்டு, கதிரில் விரல்களை மடக்கிக்கொண்டு நிற்கிறது. அன்று முதல்தான் அதில் வண்டு விழுவதில்லை; எத்தனை வருஷம் குழிக்குள் கிடந்தாலும் அது கெடுவதில்லை. கல்யாணப் பந்தியில் அதை யாரும் இலையில் வைப்பதில்லை. அதற்காக அது வருத்தப்பட்டதும் இல்லை. எந்த வீட்டில் ஒரு தாய் வெறும் பானையைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளை முகத்தைப் பார்க்கிறாளோ, அந்த வீட்டுக்குக் கூப்பிடாமலே வந்து அது உலையில் விழுகிறது.